வாரம் ஒரு கடிதம்: சிறு தொழில் வளர ஒரு வழி



பாலராமபுரத்தில் தொடங்கி நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லை வரையிலும் நம்மவர்கள் நடத்தும் சிறு தொழில்கள் ஏராளம். வீட்டில் தறி போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தையல் கடை வைத்திருப்பவர்கள், முறுக்கும் அதிரசமும் செய்து கொடுக்கும் குடும்பங்கள், கருப்பட்டி, தேன், வாழைப்பழ வியாபாரிகள் என்று வரிசை நீளும். இவர்களிடம் கைத்தொழில் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. இல்லாதது முதல். பெரிய துணிக்கடைகள் நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கின்றன. இரண்டு தறி வைத்திருப்பவர் அவர்களோடு எப்படிப் போட்டி போடுவது?

இதற்குச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. நம் தொழிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததை, நம்மிடம் வாங்குகிறவர்களுக்கும் இனி வாங்கக் கூடியவர்களுக்கும் தவறாமல் எழுதிச் சொல்வதுதான் அந்த வழி. பணம் அதிகம் வேண்டாம். பொறுமையும் நாணயமும் அதிகம் வேண்டும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் பழமொழி. கடையில் வந்து நிற்பவரிடம் வாயால் சொல்லலாம். வராதவரிடம் எழுத்தால்தான் சொல்ல முடியும்.

விளம்பரம் வேறு, விளக்கம் வேறு

"எங்கள் பொருளே சிறந்தது, வாங்குங்கள்" என்பது விளம்பரம். காசு கொடுக்கும் வரை அது நிற்கும்; காசு நின்றால் அதுவும் நின்றுவிடும். "இந்தப் பொருள் இப்படிச் செய்யப்படுகிறது, நல்லதை இப்படிக் கண்டுபிடிக்கலாம், வாங்கிய பின் இப்படிப் பாதுகாக்கலாம்" என்பது விளக்கம். படித்தவர் நம்மிடம் வாங்காமல் போனாலும் அவருக்கு ஒரு லாபம் உண்டு. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டார். நமக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தவரை நாம் எளிதில் மறப்பதில்லை. அந்தப் பொருள் தேவைப்படும் நாளில் அவர் நினைவே முதலில் வரும்.

இது நம் நாட்டிலேயே நூறாண்டுக்கு முன் நடந்து காட்டப்பட்ட வழி.

கோட்டக்கல் வைத்தியர் நடத்திய பத்திரிகை

இன்று மலப்புறம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கலில் 1902-ஆம் ஆண்டு ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கியவர் பி.எஸ். வாரியர். அக்காலத்தில் வைத்தியர் மருந்துக்குக் குறிப்பு எழுதித் தருவார். வீட்டார் கடையில் மூலிகைச் சரக்கு வாங்கி, இடித்து, காய்ச்சிக் கஷாயம் போட வேண்டும். வாரியர் கஷாயத்தைத் தாமே தயாரித்துப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார். அது புதிய வழக்கம். புட்டியில் அடைத்த கஷாயம் கெட்டுப் போகாதா, வீட்டில் காய்ச்சியதற்கு ஈடாகுமா என்ற ஐயம் யாருக்கும் எழத்தானே செய்யும்?

மருந்துச் சாலை தொடங்கிய மறு ஆண்டே, 1903-இல், 'தன்வந்தரி' என்ற மலையாள வைத்தியப் பத்திரிகையை அவர் தொடங்கினார். ஆயுர்வேதம் பற்றிய கட்டுரைகள் அதில் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. மருந்துகளையும் அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் விளக்கிச் 'சிகித்ஸா சங்கிரகம்' என்ற கையேட்டையும் அவர் எழுதினார். அவர் 1944-இல் காலமானார். அவர் தொடங்கிய சாலை இன்றும் மருத்துவமனைகளும் மருந்துத் தொழிற்சாலைகளுமாக நடந்து வருகிறது. வளர்ச்சிக்குக் காரணம் எழுத்து மட்டும் என்று சொல்வது மிகை. மருந்து நன்றாக இருந்தது, நிர்வாகம் நன்றாக இருந்தது. ஆனால் புதிய ஒன்றை மக்கள் நம்பி ஏற்க, இடைவிடாத விளக்கம் துணை நின்றது என்பதில் ஐயமில்லை.

ஏர் விற்றவர்களும் உழவர் பத்திரிகையும்

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜான் டியர் என்ற கொல்லர் 1837-இல் எஃகுக் கலப்பை செய்து தொடங்கிய நிறுவனம், இன்று டிராக்டர்களுக்குப் பெயர் பெற்றது. அந்த நிறுவனம் 1895-இல் 'தி ஃபர்ரோ' என்ற உழவர் பத்திரிகையைத் தொடங்கியது. ஃபர்ரோ என்றால் உழவு சால். 'எங்கள் கலப்பையை வாங்குங்கள்' என்பதைவிட, நல்ல விவசாயம் செய்வது எப்படி என்பதே அதில் அதிகம் இருந்தது. உழவர் செழித்தால் கலப்பை தானே விற்கும் என்பது கணக்கு. நூற்றாண்டு கடந்தும் அப்பத்திரிகை வெளிவருகிறது.

விலையை எழுதிய வியாபாரி

இவை பெரிய நிறுவனங்கள், நமக்கு ஒத்து வருமா என்று கேட்கலாம். சிறு தொழிலுக்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில் மூன்று பேர் கூட்டாக நடத்திய தொழில், வீட்டுத் தோட்டத்தில் ஃபைபர் கிளாஸ் நீச்சல் குளம் பதித்துக் கொடுப்பது. பெயர் ரிவர் பூல்ஸ். 2008-இல் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடும்போது நீச்சல் குளம் யாருக்கு வேண்டும்? தொழில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

கூட்டாளிகளில் ஒருவரான மார்க்கஸ் ஷெரிடன் 2009-இல் எளிய வேலை ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் தம்மிடம் கேட்டிருந்த கேள்விகளை எல்லாம் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நேர்மையான பதிலை எழுதி இணையத்தில் வைத்தார். முக்கியமான கேள்வி, "குளம் போட என்ன செலவாகும்?" என்பது. மற்ற வியாபாரிகள் இதற்கு மட்டும் எழுத்தில் பதில் சொல்வதில்லை. "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். இவர் எந்த வகைக்கு எவ்வளவு, எதனால் கூடும், எதனால் குறையும் என்று எழுதினார். தாம் விற்கும் குளத்தின் குறைபாடுகள் என்ன, யாருக்கு அது ஏற்றதல்ல என்றும் எழுதினார். விலை பற்றிய அந்த ஒரு கட்டுரையைப் படித்து வந்தவர்களால் மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாகப் பின்னர் அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். மூட இருந்த தொழில் பிழைத்தது. பிற்காலத்தில் குளங்களைத் தாங்களே தயாரிக்கும் அளவுக்கும் வளர்ந்தது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. ஒன்று, என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாடிக்கையாளர் கேட்பதையே எழுதலாம். இரண்டு, மற்றவர்கள் மழுப்பும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர் மீது நம்பிக்கை பிறக்கும்.

நம் ஊர்த் தறிக்கு வருவோம்

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பாலராமபுரத்தின் நெசவு இருநூறு ஆண்டுப் பழமை உடையது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் குடும்பங்களே அதற்கு வித்திட்டன. அந்த வகையில் இங்கு வந்து குடியேறிய நம் எல்லோருக்கும் அவர்கள் முன்னோடிகள். பாலராமபுரம் சேலைகளுக்கும் மெல்லிய பருத்தித் துணிகளுக்கும் 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போவது நாம் கண்ணால் காண்பது. விசைத்தறித் துணி மலிவாக வருகிறது. சில இடங்களில் அதுவே கைத்தறி என்ற பெயரில் விற்கப்படவும் செய்கிறது. வேறுபாடு தெரியாதவர் மலிவானதைத்தான் வாங்குவார். அவர் மீது குற்றமில்லை. வேறுபாட்டை அவருக்கு யார் சொன்னார்கள்?

கைத்தறிக்குப் பின்னால் உள்ள கதையை எடுத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் காட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் மூழ்கிப் பாழாயின. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தத் துணியைக் கிருமி நீக்கிச் சிறு பொம்மைகளாக்கச் செய்து, 'சேக்குட்டி' என்று பெயரிட்டனர். சேற்றில் பிறந்த குட்டி என்று பொருள் கொள்ளலாம். ஒரு பொம்மை 25 ரூபாய். ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் வரை செய்ய முடிந்தது. அதாவது, பாழான சேலை 9,000 ரூபாய் பெற்றது. வாங்கியவர்கள் துணிக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. அந்த நெசவாளர்களின் கதையைத் தெரிந்துகொண்டு கொடுத்தார்கள். ஆனால் கதை சொல்ல வெள்ளம் வர வேண்டும் என்பதில்லை. எல்லா நாளும் சொல்ல நம் தறியில் விஷயம் இருக்கிறது. ஒரு நெசவுக் குடும்பம் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"இந்தச் செட்டு முண்டுக்கு ஏன் இவ்வளவு விலை என்று பலரும் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. கையால் நாடா எறிந்து நெய்கிறோம். பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, தூரிகையால் வாரி, காய வைத்த பிறகே தறியில் ஏற்ற முடியும். மழை வந்தால் அந்த வேலை நின்றுவிடும். கரையில் உள்ள பூவைத் திருப்பிப் பாருங்கள். முன்புறம் போலவே பின்புறமும் இருக்கும். கசவில் இரண்டு வகை வைத்திருக்கிறோம். அசல் கசவு, பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்கம் பூசியது. மற்றது செம்பு இழையில் பூச்சு ஏற்றியது. விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இதுவே. இரண்டின் விலையையும் கீழே தந்திருக்கிறோம். தினமும் உடுத்த விசைத்தறி முண்டே போதும். கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும் எடுத்து உடுத்தி, பல வருஷம் பாதுகாக்க வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள்."

இதில் இலக்கணமும் அலங்காரமும் தேவைப்படவில்லை. தறியில் உட்கார்ந்தவருக்கு இவை எல்லாம் தெரிந்தவையே. வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. நெய்ய எத்தனை நாள் ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

தவறாமல் எழுதுவதே முக்கியம்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பைத் தெரிந்தவர்களுக்குக் கீமேனைத் தெரியும். நாள்தோறும் தம் எல்லைக்குள் உள்ள பாதை முழுவதையும் நடந்தே பார்ப்பவர் அவர். போகும்போது ஒரு தண்டவாளத்தையும் திரும்பும்போது மற்றதையும் பார்த்து வருவார். கழன்ற சாவியை அடித்து இறுக்குவார். தளர்ந்த போல்ட்டை முறுக்குவார். ஒரு நாள் வேலையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதையில், பாறசாலை வழியாக இன்றும் வண்டிகள் பத்திரமாக ஓடுகின்றன என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அன்றாட நடை இருக்கிறது. எழுத்தும் அப்படியே. உற்சாகம் வந்தபோது ஒரே வாரத்தில் பத்து கடிதம் எழுதிவிட்டு ஆறு மாதம் மௌனமாக இருப்பதைவிட, வாரத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு 52 எழுதுவது மேல்.

நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலை என்றால் ஞாயிறு காலைதான். எந்த நேரம் வரும் என்று தெரியாத வண்டிக்காக யாரும் மேடையில் காத்திருப்பதில்லை. வாரம் ஒன்று கடினமாக இருந்தால் மாதம் இரண்டு போதும். சொன்ன கணக்கு தவறக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

1. கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட சொற்களிலேயே குறியுங்கள். ஒரு மாதத்தில் ஓராண்டுக்கு எழுத விஷயம் கிடைத்துவிடும். தேன் விற்பவரிடம், "தேன் உறைந்துவிட்டதே, சர்க்கரை கலந்ததா?" என்பார்கள். தூய தேனும் உறையும். நம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தளிர்ப் பருவத்தில் கிடைக்கும் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. கருப்பட்டி விற்பவரிடம், "மழைக்காலத்தில் ஏன் இளகுகிறது?" என்பார்கள். காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்க வேண்டும். தையல்காரரிடம், "பருத்தித் துணியை நனைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டுமா?" என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு கடிதம்.

2. ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி மட்டும். இருநூறு சொற்கள் போதும். பதிலை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட்டுப் பிறகு காரணம் சொல்லுங்கள்.

3. பருவத்தை முன்கூட்டி எழுதுங்கள். ஓணத் துணி பற்றி ஓணத்துக்கு முந்தின நாள் எழுதிப் பயனில்லை. ஆறு வாரம் முன்னதாக எழுத வேண்டும். விஷு, சபரிமலைக் காலம், பொங்கல், கல்யாண மாதங்கள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம், இங்கே கர்க்கடகம், பல தொழில்களுக்கு மந்தமான மாதம். அதை எழுதிச் சேர்த்து வைக்கும் மாதமாக ஆக்கிக்கொள்ளலாம்.

4. அனுப்பும் வழி எளிதாக இருக்கட்டும். விருப்பம் தெரிவித்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதையே அச்சிட்டுப் பொட்டலத்தோடு வைக்கலாம், கடைச் சுவரிலும் ஒட்டலாம். கேட்காதவர்களுக்கு அனுப்புவதும், தினம் இரண்டு மூன்று என்று அனுப்புவதும் தொல்லையாகிவிடும். நல்ல கடிதத்தையும் படிக்காமல் அழித்துவிடுவார்கள்.

5. கணக்கு வையுங்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுக் குறியுங்கள். முதல் மூன்று மாதத்தில் பலன் தெரியாமல் போகலாம். ஓராண்டு கழித்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

எந்த மொழியில்?

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. எல்லை வந்ததே தவிர, சந்தைக்கு எல்லை வரவில்லை. நம் கடைகளுக்குத் திருவனந்தபுரத்திலிருந்தும் வருகிறார்கள், மார்த்தாண்டத்திலிருந்தும் வருகிறார்கள். ஆகவே இரு மொழியிலும் எழுதுவதே நல்லது. வேறு ஊர்க்காரருக்கு இது பெரிய சிரமம்; நமக்கு இது கைவந்தது. பெரியவர்கள் தமிழில் சொல்ல, மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதை மலையாளத்தில் எழுதட்டும். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளை தமிழிலும் எழுதட்டும். பிள்ளைகளின் தமிழுக்கு வீட்டிலேயே ஒரு வேலை கிடைத்துவிடும்.

சில எச்சரிக்கைகள்

உண்ணும் பொருள் விற்பவர்கள், "இது சர்க்கரை நோயைத் தீர்க்கும், ஆஸ்துமாவைப் போக்கும்" என்றெல்லாம் எழுதவே கூடாது. குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருள் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், நம்பி மருந்தை நிறுத்தும் ஒருவருக்கு ஆபத்து வந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பக்கத்துக் கடைக்காரரைத் தாழ்த்தி எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் சரியில்லை என்றால் எழுத்து அதைக் காப்பாற்றாது. நல்ல பொருளின் பெயரைப் பரப்பும் அதே எழுத்து, கெட்ட பொருளின் பெயரையும் வேகமாகப் பரப்பிவிடும். முதலில் பொருள், பிறகு எழுத்து.

வியாபாரத்துக்கும் மேலே

கடைசியாக ஒன்று. பாவு வாருவதற்குக் கஞ்சியின் பதம் என்ன, பாகு எந்தப் பக்குவத்தில் அதிரசத்துக்கு ஆகும், எந்தத் தேன் எந்தப் பூவினுடையது என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருக்கும் படிப்பு. பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வாரம் ஒன்றாக எழுதினால் வாடிக்கையாளர் வருவார் என்பது ஒரு லாபம். பெரியவர் சொல்லி, பேரப்பிள்ளை எழுதி, ஆண்டு முடிவில் வீட்டில் 52 பக்கங்கள் சேர்ந்திருக்கும் என்பது இன்னொரு லாபம். அந்தப் பிள்ளை நாளை தறியில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். ஆனால் தன் குடும்பம் எதை வைத்துப் பிழைத்தது என்று தெரியாத பிள்ளையாக இருக்காது.

நோட்டுப் புத்தகம் ஒன்று இன்றே வாங்குங்கள். முதல் கேள்வியை நாளை கடைக்கு வருகிறவரே தந்துவிடுவார்.